சும்மா இடம் விட்டா ஒட்டிப்புடுவாய்ங்க

மதுரைச் சுவர் ஓவியங்கள் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஓர் எரிச்சல் உண்டு. எந்த அரசுக் கட்டடத்தின் காம்பவுண்டைப் பார்த்தாலும் அதே காளை, அதன் திமிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதே இளைஞன். பக்கத்தில் வள்ளுவர், அப்புறம் பாரதி, கொஞ்சம் தள்ளி அப்துல் கலாம் சிரித்துக்கொண்டிருப்பார். மிச்ச இடத்தில் நாயக்கர் மகால் தூண், மீனாட்சியம்மன் கோபுரம், யானைமலை, ஒரு மயில். ஒரு சாண் இடம்கூட சும்மா விட்டிருக்க மாட்டார்கள். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு காளைகள் கூடின, அவ்வளவுதான் மாற்றம். இவ்வளவு நன்றாகக் கை ஓடுகிறவர்கள் ஏன் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள்? கற்பனைப் பஞ்சம் என்று ஒரு பதில் வைத்திருந்தேன். காசு கொடுக்கும் அதிகாரியின் ரசனை என்று இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு சாண் இடம்கூட விடாமல் அடைப்பது ஏன் என்பதற்கு இரண்டிலும் விடை இல்லை.

நான் படித்த அரசுப் பள்ளியின் வெளிச்சுவருக்கு ஓவியம் வரையலாம் என்று முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து முடிவெடுத்தோம். சாலையைப் பார்த்த சுவர். ஆறடி உயரம், எண்பது அடி நீளம். காளையும் வேண்டாம், வள்ளுவரும் வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒரே கட்சி. எங்களில் ஒருத்தி ஆர்க்கிடெக்ட். அவள் ஒரு படம் போட்டு அனுப்பினாள்: இடது ஓரத்தில் ஒரு சிறுமி, வலது ஓரத்தில் அவள் விடும் பட்டம், நடுவில் அறுபது அடிக்கு வெறும் வெளிர்நீல வானம். அதன் குறுக்கே ஒற்றை நூல். வாட்ஸ்அப்பில் பார்த்தபோது மூச்சு நின்றுவிட்டது. இதுதான், இதுதான் என்று குழுவில் கைதட்டல் பொம்மைகள் குவிந்தன.

வரைய வந்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் அண்ணன். மதுரையில் தியேட்டருக்குத் தியேட்டர் கையால் வரைந்த பேனர் நின்ற காலத்தில் கை பழகியவர். செல்போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, நிதானமாகப் பார்த்தார்.

"படம் நல்லாத்தேன் இருக்கு தம்பி. ஒரு வாரம் இருக்கும்."

"ஒரு வாரத்துல முடிச்சிடுவீங்களாண்ணே?"

"முடிக்கிறதச் சொல்லல. படம் இருக்கிறதச் சொல்றேன். இம்புட்டு இடம் சும்மா விட்டா ஒட்டிப்புடுவாய்ங்க."

ஒட்டுகிறவரின் கண்

போஸ்டர் பற்றி மதுரைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காதணி விழா, பூப்புனித நீராட்டு, தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, பெயிலில் வெளியே வந்தவருக்கு வரவேற்பு, எல்லாவற்றுக்கும் இங்கே போஸ்டர் உண்டு. ஆனால் ஒட்டுகிறவர் ஒரு சுவரை எப்படிப் பார்க்கிறார் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. அண்ணன் அந்த ஆளாகவே மாறிச் சொன்னார். நடுச்சாமம் தாண்டி வருவார். டூவீலரில் காய்ச்சிய மைதாப் பசை வாளி, பின்னால் கட்டு. விடிவதற்குள் இத்தனை இடம் என்று கணக்கு. நின்று யோசிக்க நேரம் கிடையாது. தெருவிளக்கு வெளிச்சத்தில் எது வெளுப்பாக, மட்டமாக, காலியாகத் தெரிகிறதோ அங்கே பிரஷ் போகும். நிறையப் படம் வரைந்த இடத்தில் ஒட்டினால் போஸ்டர் படத்தோடு படமாகக் கலந்துவிடும். அதில் இருக்கும் முகம் எடுபடாது, காசு கொடுத்தவர் காலையில் கத்துவார். ஆக, அடைசலாக வரைவதுதான் முதல் காவல்.

இரண்டாவது காவல் யாரை வரைகிறோம் என்பது. சாமி மேல் ஒட்ட மாட்டார்கள். மாடிப்படி மூலையில் வெற்றிலை எச்சில் துப்பாமல் இருக்க மூன்று மதச் சாமியையும் டைல்ஸாகப் பதிக்கிறோமே, அதே தந்திரம்தான். ஆனால் பள்ளிச் சுவரில் சாமி வரைய முடியாது. அரசியல் தலைவர் என்றால் ஒரு கட்சிக்காரர் ஒட்டாமல் விடுவார், இன்னொரு கட்சிக்காரர் வேண்டுமென்றே ஒட்டுவார். அப்புறம் சண்டை வந்தால் வரைந்தவன் தலையில் விடியும். சாதித் தலைவர் பக்கமே போகக்கூடாது. மிச்சம் யார்? எல்லோரும் எங்கள் ஆள் என்று சொல்லிக்கொள்ளும் மனிதர்கள். வள்ளுவர், பாரதி, 2015-க்குப் பிறகு கலாம். மனிதர் இல்லாவிட்டால் காளை.

நான் பல வருடமாக முகம் சுளித்துக்கொண்டிருந்த பட்டியல் இப்படித்தான் உருவானது என்று கேட்டபோது கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அதிகாரியின் ரசனையும் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எது மிஞ்சும் என்பதையும் சேர்த்துச் சலித்துத்தான் சுவருக்கு வருகிறது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பொது இடங்களை விகாரப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டாயிற்று. எங்கள் பள்ளிச் சுவரிலும் 'விளம்பரம் செய்யாதீர்' என்று எழுதியிருந்தது. 'செய்யாதீர்' மேல் ஒரு மொட்டை போட்டு காது குத்தும் அழைப்பு ஒட்டியிருந்தது.

பேனரிலிருந்து சுவருக்கு

சென்னைக்காரர்களுக்கு 2010-ஐ ஒட்டிய வருடங்கள் நினைவிருக்கும். மாநகராட்சி அண்ணா சாலையில் போஸ்டர் ஒட்டக் கூடாது என்று சொல்லி, சுவர்களில் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரையவைத்தது. அந்த வேலைக்கு வந்தவர்களில் நிறையப் பேர் சினிமா பேனர் வரைந்தவர்கள். டிஜிட்டல் பிளெக்ஸ் வந்து அவர்கள் தொழிலைச் சாய்த்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. போஸ்டரை விரட்ட ஓவியம், ஓவியம் வரைய பிளெக்ஸ் விரட்டியடித்த ஓவியர்கள். இதிலிருந்த விநோதத்தை அப்போது யாரும் பெரிதாகப் பேசவில்லை.

பேனர் வரைந்த கைக்குச் சுவர் புதிது. பேனர் துணியில் முகத்தை நாற்பதடி தூரத்திலிருந்து பார்ப்பார்கள், ஒரு படம் ஓடி முடியும்வரை நின்றால் போதும். அதனால் கன்னத்தில் பச்சையும் ஊதாவும் தைரியமாக இழுப்பார்கள். தூரத்தில் அது சதையாகத் தெரியும். பள்ளிச் சுவரை நடைபாதையில் போகிறவர் இரண்டடி தூரத்தில் பார்க்கிறார். பஸ்ஸில் போகிறவர் ஓடும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே முகம் சரியாகத் தெரிய வேண்டும். கட்டம் போட்டுப் பெரிதாக்கும் பழைய முறை அப்படியே தொடர்ந்தது, சாக்பீஸ் தேய்த்த நூலைச் சுண்டிக் கோடு விழவைப்பதுகூட மாறவில்லை. நிறம் போடும் விதம்தான் மாறவேண்டியிருந்தது என்றார் அண்ணன். வழவழப்பாக, கோடு கட்டி, மெதுவாக.

அண்ணன் வரையத் தொடங்கும் முன்பு நிறைய நேரம் சுரண்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் அடித்து ஊறவைத்து, இரும்புத் தகட்டால் சுரண்ட, போஸ்டர்கள் அட்டை மாதிரி தடியாகக் கழன்று வந்தன. பசைக்கு ஆசைப்பட்டு ஒரு மாடு வந்து நின்று, கீழே விழுந்ததைப் பொறுமையாக மென்றது. சுரண்டியபின் பார்த்தால், கீழே இரண்டடிக்கு உப்புப் பூத்திருந்தது. வாய்க்காலை ஒட்டிய சுவர், ஓதம் ஏறுகிறது. அதன் மேல் என்ன பெயிண்ட் அடித்தாலும் கொப்புளித்து உதிரும். பூசிச் சரிசெய்யப் பணம் இல்லை. எனவே அந்த இரண்டடிக்குப் படமே கிடையாது, அடர்ந்த காவிப் பட்டை மட்டும் என்று முடிவாயிற்று. உதிர்ந்தால் ஒரு கோட் மேலே அடித்துக்கொள்ளலாம். மழையில் தெறிக்கும் சேறும் தெரியாது. சிறுமியின் பாதங்கள் தரையில் நிற்க வேண்டும் என்று ஆர்க்கிடெக்ட் வரைந்திருந்தாள். இப்போது காவி மேடு ஒன்றின் மேல் நிற்கிறாள்.

நிறத்திலும் ஒரு சண்டை நடந்தது. அவள் சிறுமிக்குப் பளீரென்ற சிவப்புப் பாவாடை கேட்டாள். அண்ணன் மாட்டேன் என்றார். மேற்குப் பார்த்த சுவர், மத்தியானம் தொடங்கிப் பொழுது சாயும்வரை வெயில். மலிவான சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் ஓடும், நீலம் நிற்கும். பழைய சினிமா போஸ்டர் எல்லாம் நீலம் பாய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். காவி என்பது இரும்பு கலந்த மண், அது வெயிலுக்கு அசையாது. கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் பட்டை அடிப்பவர்களுக்குத் தெரியாததா? பாவாடை கடைசியில் செங்காவியில், மேலே மெல்லிசாகச் சிவப்பு ஓட்டி முடிந்தது. சிவப்பு போனாலும் அடியில் காவி நிற்கும் என்பது கணக்கு.

மறைப்பது என்றாலே அழிப்பது என்று நினைக்கவும் வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931-ல்தான் தெரியவந்தது. மேலே பூசியவர்கள் காப்பாற்ற நினைத்துப் பூசவில்லை, ஆனாலும் அது பிழைத்துக் கிடந்தது. மைதாப் பசைக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. உரிக்கும்போது நிறத்தையும் பிடுங்கிக்கொண்டு வரும்.

பத்தடி

வானத்துக்கு வருகிறேன். ஆர்க்கிடெக்ட் ரொம்ப உறுதியாக நின்றாள். அந்த வெற்று இடம்தான் படம், அதை நிரப்பினால் வழக்கமான அடைசல்தான் என்றாள். அவள் சொன்னது நியாயம். அண்ணன் சொன்னதும் நியாயம். கடைசியில் அண்ணனே சுவரை மேலும் கீழும் நடந்து பார்த்துவிட்டு, நடுவில் நிற்கும் டிரான்ஸ்பார்மரைக் காட்டினார். சுற்றிக் கம்பிவேலி. "இதுக்குப் பின்னாடி எவனும் கைய விட மாட்டாய்ங்க. உங்க வானத்த இங்க வச்சுக்கங்க." அவள் முதலில் முறைத்தாள். பிறகு உட்கார்ந்து மொத்தப் படத்தையும் மாற்றினாள். சிறுமி உள்ளே நகர்ந்தாள். வேலிக்குப் பின்னால் மட்டும் வெறும் வானமும் நூலும். மிச்ச இடமெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் காகிதத்தில் வரைந்து கொடுத்த பட்டங்கள், வால்கள் ஒன்றோடொன்று சிக்கி, நெருக்கமாக. லைன்மேன் மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்த ஒரு காலைப்பொழுதில் வேலிக்குப் பின்னால் நீலம் அடித்து முடித்தார்கள்.

இதுவரை எல்லோருக்கும் சம்மதம். தகராறு வந்தது வலது ஓரத்தில். அங்கே பஸ் நிறுத்தம், டீக்கடை. போஸ்டர் அதிகம் விழுந்த இடமே அதுதான். டீ குடிக்கிறவன் எதையாவது படித்துக்கொண்டுதானே நிற்பான். அண்ணன் அந்தப் பத்தடியைத் தொடவே இல்லை. சுரண்டி, வெள்ளையடித்து, பட்டங்களுக்கும் அதற்கும் நடுவே காவியில் ஒரு தடித்த கோடு இழுத்துவிட்டு, அவ்வளவுதான் என்றார். எங்கள் குழுவுக்குக் கோபம். எண்பது அடிக்குக் காசு பேசி எழுபதுதானா? அதற்கு அவர், அந்தப் பத்தடிக்குக் காசு வேண்டாம் என்றார். பிறகு விஷயம் வெளியே வந்தது. ஒட்டுகிறவர்களில் இரண்டு பேரை அவருக்குத் தெரியும். ஒருவர் முன்பு அவருக்கே பேனருக்குச் சட்டம் அடித்துக் கொடுத்தவராம். டீக்கடையில் உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். கோட்டுக்கு அந்தப் பக்கம் உங்களுக்கு, இந்தப் பக்கம் பிள்ளைகளுக்கு.

எங்களில் ஒருவர் வழக்கறிஞர், கொதித்துவிட்டார். அரசுப் பள்ளிச் சுவரில் போஸ்டர் ஒட்ட இடம் ஒதுக்க நாம் யார்? சட்டப்படி குற்றம், தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டிவரும். தலைமையாசிரியர் வந்து பார்த்தார். வெள்ளைச் சுவரைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "பெயிண்ட் பத்தலையா? சரி, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அரசு வேலையில் முப்பது வருடம் இருந்தவருக்குத்தான் அப்படி ஒரு வாக்கியம் வாயில் வரும்.

அந்தப் பத்தடியைப் பற்றித்தான் இன்றுவரை என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. வழக்கறிஞர் சொன்னதில் தப்பில்லை. விட்டுக்கொடுத்த இடம் விட்டுக்கொடுத்ததுதான், அடுத்த வருடம் பதினைந்தடி ஆகாது என்று யார் சொல்வது? ஆனால் ஓவியம் என்பது கோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. டீக்கடைப் பேச்சும் அந்த வேலையில் ஒரு பகுதி. பிரஷ் பிடிக்கத் தெரிந்த பல பேருக்கு அது வராது.

நியூயார்க்கில் ஓர் இரும்புச் சுவர்

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் நினைவுக்கு வருகிறது. நியூயார்க்கில் மன்ஹாட்டன் பகுதியில் மத்திய அரசு அலுவலகங்களுக்கு முன்னால் ஒரு சதுக்கம். அமெரிக்க அரசே கேட்டு, ரிச்சர்ட் செர்ரா என்ற பெரிய சிற்பி 1981-ல் அங்கே ஒரு சிற்பம் நிறுவினார். 120 அடி நீளம், 12 அடி உயரம், லேசாகச் சாய்ந்து வளைந்த ஒற்றை இரும்புச் சுவர். துருப்பிடிக்கவென்றே விடப்பட்ட இரும்பு. சதுக்கத்தைக் குறுக்கே வெட்டி நின்றது. மனிதர்கள் தங்கள் நடையை உணர வேண்டும் என்பது சிற்பியின் எண்ணம். சுற்றிப் போக வேண்டியிருந்த ஊழியர்கள் உணரத்தான் செய்தார்கள், எரிச்சலை. எடுக்கச் சொல்லிக் கையெழுத்து வேட்டை நடந்தது. 1985-ல் பொது விசாரணை. பேசியவர்களில் 122 பேர் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுக்கச் சொன்னார்கள். இருந்தும் எடுக்கவே முடிவாயிற்று. வேறு இடத்துக்கு மாற்றலாம் என்ற பேச்சுக்குச் செர்ரா இடம் கொடுக்கவில்லை. இந்த இடத்துக்காகச் செய்தது, நகர்த்தினால் அழித்ததாகவே அர்த்தம் என்றார். வழக்குப் போட்டார், தோற்றார். 1989 மார்ச்சில் ஓர் இரவில் அதை வெட்டி எடுத்துக் கிடங்கில் போட்டார்கள்.

எங்கள் ஆர்க்கிடெக்ட் செர்ராவின் பக்கம். அவர் பத்தடி கொடுத்திருந்தால் அது செர்ராவே இல்லை என்பாள். எனக்கும் அவரைப் பிடிவாதக்காரர் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. 122 பேர் பேச வந்தார்கள் என்பது சின்ன விஷயமா? ஆனால் அவர் முன்னால் அரசாங்கம் இருந்தது, ஒப்பந்தம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது. எதிர்ப்பதற்கு ஒரு முகவரி இருந்தது. எங்கள் அண்ணனுக்கு எதிரில் இருப்பது வாளியோடு வரும் கூலித் தொழிலாளி, மாடு, ஓதம், மேற்கு வெயில். இவர்கள் மேல் எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது?

உயரம் கிடைத்தால் இந்தத் தொல்லை பாதி தீர்ந்துவிடும் என்பதும் உண்மை. சென்னை கண்ணகி நகரில் 2020 வாக்கில் ஸ்டார்ட் இந்தியா (St+art India) என்ற தெரு ஓவிய அறக்கட்டளை, பெயிண்ட் கம்பெனி ஒன்றும் மாநகராட்சியும் கைகொடுக்க, அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்களை வரையவைத்தது. நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது. தண்ணீரும் வேலையும் கேட்டவர்களுக்கு ஓவியமா என்ற கேள்வி எழுந்தது, எழ வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தச் சுவர்களில் நிறைய வெற்றிடம் இருக்கிறது, காற்றோட்டமாக இருக்கிறது. நாலு மாடி உயரத்துக்கு மைதா வாளி போகாது. வெற்றிடம் விட்டு வரைவது ரசனை சார்ந்தது என்று நினைத்திருந்தேன். பாதி, ஓவியரை உயரே தூக்கும் லிப்ட் வாடகைக்குக் காசு இருப்பது சார்ந்தது.

அண்ணனோடு எனக்கு உடன்பாடில்லாத இடமும் உண்டு. அதே பள்ளிக்குள்ளே, சத்துணவுக்கூடச் சுவரில் அவர் முன்பு வரைந்த ஒரு காடு இருக்கிறது. ஒட்டுகிறவர் யாரும் வர முடியாத இடம். அங்கேயும் ஓர் இலை விழ இடமில்லை. புலிக்கு மூச்சு முட்டுகிறது. கேட்டால், "கை பழகிருச்சுல்ல" என்கிறார். எங்கே தேவையோ அங்கே சரி, தேவையில்லாத இடத்துக்கும் அதைத் தூக்கிக்கொண்டு வந்தால் நான் முன்பு எரிச்சல்பட்டதில் கொஞ்சம் அர்த்தம் இருக்கத்தான் செய்கிறது.

படம் முடிந்தபின் கோடு பெரும்பாலும் மதிக்கப்பட்டது. பத்தடியில் வாராவாரம் புதுமுகங்கள். ஒரே ஒரு தடவை சிறுமியின் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி வந்து ஒட்டியது. அடுத்த தெருவில் சின்ன வயதுச் சாவு. கிழித்துவிடலாமா என்று போன் செய்தால், அண்ணன் வேண்டாம் என்றார். பதினாறு முடியட்டும் என்றார். காரியம் முடிந்த மறுநாள் அவரே வந்து ஈரத்துணியால் நனைத்து எடுத்தார். பாவாடை ஓரத்தில் ஓர் உள்ளங்கை அளவு நிறம் போயிருந்தது. அடியில் காவி தெரிந்தது. பையில் கொண்டுவந்த சிவப்பைத் தொட்டுச் சரிசெய்துவிட்டுப் போனார். இதற்கு யாரும் அவருக்குக் காசு கொடுக்கவில்லை.

இப்போது குழுவில் ஓடும் சண்டை அதைப் பற்றியதுதான். வருடம் ஒருமுறை, வடகிழக்கு மழை முடிந்து தை பிறந்ததும், இரண்டு நாள் கூலியும் சில லிட்டர் எமல்ஷனும் ஒதுக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். படம் முடிந்தது, கணக்கும் முடிந்தது என்கிறார் பொருளாளர். வெண்கலச் சிலைக்குச் சொன்னால்கூட ஒத்துக்கொள்ளலாம். ஓதம் ஏறும் சுவரில் படம் எப்படி முடியும் என்று கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. வழக்கறிஞர் மட்டும், பணம் ஒதுக்குவதானால் முதலில் அந்தப் பத்தடிக்கும் படம் வரையட்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்.